பரிசு பெறும் பிள்ளையும் பங்கு செலுத்தும் ஊரும்

(கிராமத்து ஆரம்பப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவில், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் முன்னிலையில், ஓய்வு பெற்ற தலைமை உபாத்தியாயர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்.)

அக்கிராசனர் அவர்களே, பாடசாலை உபாத்தியாயர்களே, தாய்மார்களே, கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர்களாகிய பெரியோர்களே, பரிசுகளை மடியில் வைத்துக்கொண்டு இவர் எப்பொழுது பேசி முடிப்பார் என்று காத்திருக்கும் குழந்தைகளே,



இன்று மாலை இவ்வேப்பமரத்தடியில் நாம் கூடியிருப்பது, நம் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் இவ்வாண்டு அடைந்த தேர்ச்சியைக் கண்டு மகிழ்வதற்காக. வாசிப்பு, கணக்கு, கையெழுத்து, விளையாட்டு, தோட்ட வேலை, ஒரு நாளேனும் தவறாமல் பள்ளிக்கு வந்தமை ஆகிய ஆறு வகைகளில் பரிசுகள் வழங்கப்பெற்றன. பரிசு பெற்ற பிள்ளையின் பெயரை உபாத்தியாயர் அழைத்தபோதெல்லாம், பின்வரிசையில் நின்ற தாய்மார்கள் கை தட்டியதைக் கேட்டேன். தம் பிள்ளைக்கு மாத்திரமன்றி அயல் வீட்டுப் பிள்ளைக்கும் அவர்கள் தட்டினார்கள். ஓர் ஊர் நல்ல நிலைமையில் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த அடையாளம் வேண்டியதில்லை.

கல்வியின் பெருமையைக் குறித்து நீண்ட உபந்நியாசம் செய்வது என் நோக்கமன்று. கல்வி நல்லது என்பதை இவ்வூரில் மறுப்பவர் எவருமில்லை. இந்தப் பரிசுகளுக்கு உரியவர் யார் என்பதும், இத்தகைய விழா ஆண்டுதோறும் நடைபெற வேண்டுமானால் சங்கத்து அங்கத்தினர்களாகிய நாம் செய்ய வேண்டியது யாது என்பதும் ஆகிய இரண்டு விஷயங்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

ரசீதை வாசித்த சிறுமி

வாசிப்புப் போட்டியை இவ்வாண்டு நம் உபாத்தியாயர் புதிய முறையில் நடத்தினார். பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடக் கூடும் என்று கருதி, சபையிலுள்ளவர்கள் தம் கையில் இருக்கும் எந்தக் காகிதத்தையாவது கொடுக்கலாம் என்றார். ஒருவர் கலியாணப் பத்திரிகையைக் கொடுத்தார். மற்றொருவர் உரமூட்டையில் கட்டியிருந்த சீட்டைக் கொடுத்தார். நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் தம் மடியிலிருந்து நகைக்கடன் ரசீதை எடுத்து நீட்டினார். அதை வாங்கிய ஐந்தாம் வகுப்புச் சிறுமி, அசல் இருபதினாயிரம் ரூபாய் என்றும், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது என்றும் தடையின்றி வாசித்தாள். நான்கு மாதத்துக்கு வட்டி எவ்வளவு என்று உபாத்தியாயர் கேட்டார். ஆண்டுக்கு 1,800, மாதத்துக்கு 150, நான்கு மாதத்துக்கு 600 என்று விரலைக்கூட மடக்காமல் சொன்னாள்.

அதோடு நின்றிருந்தால் நாம் கை தட்டிவிட்டு மறந்திருப்போம். அவள் ரசீதின் கீழ்ப்பாகத்தையும் வாசித்து, மீட்க வேண்டிய கடைசித் தேதி அடுத்த மாதம் பன்னிரண்டு என்றாள். ரசீதுக்கு உரியவர் திடுக்கிட்டு, “தை முடியத் தவணை இருக்கிறது என்றல்லவா எண்ணியிருந்தேன்” என்றார். சங்கத்துக் காரியதரிசி அருகில் வந்து பார்த்து, குழந்தை சொன்னதே சரி என்றார். தவணை தப்பிய பின் வரும் அபராத வட்டியும், அறிவிப்பு வரும்போது உண்டாகும் மனக்கலக்கமும் அந்தக் குடும்பத்துக்கு இல்லாமற்போயின.

அன்பர்களே, ஆரம்பக் கல்வியின் பயன் யாதென்று கேட்பவர்களுக்கு இதனிலும் தெளிவான விடை என்னிடம் இல்லை. கூட்டுறவுச் சங்கம் என்பது எழுத்தினாலும் கணக்கினாலும் நிற்கும் ஸ்தாபனம். கைச்சாத்துப் போடுகிறவர் தாம் எதற்குக் கைச்சாத்துப் போடுகிறோம் என்பதை அறியாவிட்டால், சங்கம் இருந்தும் அவர் தனிமனிதரே. நம் சங்கத்துக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் அங்கத்தினர்கள் இதோ முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேடைக்கு வராதவர்கள்

பரிசு பெற்ற பிள்ளைகளை நாம் பார்த்தோம். அப்பரிசுக்குப் பின்னால் நின்றவர்கள் மேடைக்கு வரவில்லை. விடியுமுன் வந்து அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி செய்யும் பெண்மணிகள், மழையில் இடிந்த சுற்றுச்சுவரைப் பாதிக் கூலிக்குக் கட்டிக் கொடுத்த கொத்தனார், தோட்டத்துக்குத் தம் கிணற்றிலிருந்து தண்ணீர் விட்ட குடியானவர், மாலை வேளையில் தம் வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த கல்லூரி மாணவி, தாயார் நடவுக்குப் போன நாட்களில் பேரக்குழந்தையைத் தாமே கையைப் பிடித்து அழைத்துவந்து விட்ட பாட்டி, இவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பதானால் இன்றிரவு முழுவதும் போதாது.

சங்கத்தின் பாஷையில் சொல்வதானால், மேடையில் நாம் கண்டது வட்டி. முதல், ஊராரிடம் இருக்கிறது. சிறு சிறு தொகையாக, தவறாமல், பல பேர் செலுத்திய முதல் அது. முதலைச் செலுத்துவதை நிறுத்திவிட்டு வட்டியை மாத்திரம் எதிர்பார்ப்பவன் எவ்வளவு நாள் எதிர்பார்க்க முடியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊரார் நடத்திய பள்ளி

பள்ளிக்கூடத்தை ஊரார் தாங்குவது நம் நாட்டில் நேற்று உண்டான வழக்கமன்று. சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் ஜில்லா கலெக்டர்களுக்கு எழுதி, எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று விசாரித்தார். கிடைத்த விவரங்களைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி, ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். அவற்றிற் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகளே. வாத்தியாருக்குப் பெற்றோர் கொடுத்த சிறு காசும், நெல்லும், பண்டிகை நாள் காணிக்கையுமே அவற்றின் வருமானம்.

ஆயினும் பழமையைப் புகழும்போது உண்மையை மறைத்தல் கூடாது. அத்திண்ணையின் படி எல்லோருக்கும் எட்டவில்லை. பெண் குழந்தைகளில் மிகச் சிலரே அங்கே படித்தனர். ஒடுக்கப்பட்ட குலத்தாரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. ஊர் தாங்கிய பள்ளியாயினும் ஊர் முழுவதற்கும் உரிய பள்ளியாக அது இருக்கவில்லை. இன்று பரிசு பெற்ற பதினெட்டுப் பிள்ளைகளில் பதினொருவர் பெண் குழந்தைகள் என்பதையும், இவர்கள் எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்து ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்த்தால், நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது விளங்கும்.

கூட்டுறவு இயக்கத்துக்கும் கல்விக்கும் உள்ள சம்பந்தமும் பழமையானதே. ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் என்பவர் குடியானவர்களின் கடன் தொல்லையை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் தம் அறிக்கையை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பிறகு 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லா திரூரில் நம் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் ஏற்பட்டது. எட்டாண்டுகளுக்குப் பின் வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கை ஒதுக்கு நிதிக்குச் சேர்த்த பின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைப் பதிவாளரின் அநுமதியுடன் தருமகாரியத்துக்கு அளிக்கலாம் என்பதே அவ்விதி. தருமகாரியம் என்பது யாதென்பதற்கு 1890-ஆம் ஆண்டுத் தரும நிதிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அச்சட்டம் ஏழைகளுக்குச் செய்யும் உதவியையும், கல்வியையும், வைத்திய உதவியையும் தருமம் என்றே சொல்லுகிறது. அவ்வளவு பழைய காலத்திலேயே சட்டம் செய்தவர்கள், கடன் கொடுக்கும் சங்கமும் பள்ளிக்கூடமும் ஒரே ஊரின் இரு கண்கள் என்று கருதியிருக்கிறார்கள்.

நான்கு நயா பைசா

பிள்ளைகளின் பசியைப் பற்றி இனிச் சொல்கிறேன். சென்னை நகரசபை 1920-ஆம் ஆண்டில், ஸர் பிட்டி தியாகராய செட்டியார் தலைவராயிருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை ஒரு ஸ்தல ஸ்தாபனம் ஒப்புக்கொண்டு செலவுக்குத் துணிந்ததற்கு அது சிறந்த உதாரணம்.

கிராமங்களுக்கு அது வந்த விதம் நாம் கவனிக்கத் தக்கது. ஸ்ரீ காமராஜர் முதன்மந்திரியாகவும், ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைத் தலைவராகவும் இருந்த காலத்தில், 1956-ஆம் ஆண்டில் ஊராரின் நன்கொடையைக் கொண்டே பல ஊர்களில் பகலுணவு தொடங்கியது. அரிசி கொடுத்தவர் உண்டு. விறகு கொடுத்தவர் உண்டு. காய்கறி கொடுத்தவர் உண்டு. கொடுக்க ஒன்றுமில்லாமல் சமைத்துக் கொடுத்தவரும் உண்டு. 1957-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் அரசாங்கம் உதவித்தொகை தர முன்வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில்தான் நயா பைசா வழக்கத்துக்கு வந்திருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா என்று கணக்கிட்டு, ஆறு நயா பைசாவை அரசாங்கம் கொடுக்கும், நான்கு நயா பைசாவை ஊரார் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

இந்த நான்கு நயா பைசாவில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. முழுத்தொகையையும் கஜானாவிலிருந்தே கொடுத்திருந்தால் பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள். ஊரார் அப்பக்கம் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு நயா பைசா கொடுத்தவர், சோறு வெந்ததா, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், இன்று ஏன் குறைவு என்றெல்லாம் கேட்டார். கேட்கும் உரிமை கொடுத்த பங்கிலிருந்து பிறந்தது.

அடுத்து 1958-ஆம் ஆண்டில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஒவ்வொரு பாடசாலைக்கும் என்னென்ன வேண்டும் என்று முதலில் ஜாபிதா எழுதப்பட்டது. கரும்பலகை, கடிகாரம், பூகோளப் படம், தண்ணீர்ப் பானை, பெஞ்சு, சீருடை, கட்டடம், நிலம் என்று எழுதிய ஜாபிதாவை ஊரார் முன் வாசித்தார்கள். அவரவர் தம்மால் இயன்றதை ஏற்றுக்கொண்டார்கள். கோடிக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள பொருள்கள் இவ்வாறு தமிழ்நாட்டுப் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தன. பெருஞ் செல்வரின் கொடை அதில் உண்டு. ஒரு பானை கொடுத்தவரின் கொடையும் உண்டு.

பின்னர் 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சத்துணவுத் திட்டம் வந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கி, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசினர் ஆரம்பப் பாடசாலைகள் யாவற்றுக்கும் பரவியது. புத்தகமும் சீருடையும் அரசாங்கமே தருகிறது. இது பெரிய பாக்கியம். ஆனால் இதனால் ஒரு மயக்கமும் உண்டாகியிருக்கிறது. எல்லாம் சர்க்கார் கொடுக்கிறதே, நமக்கு இனி என்ன வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். சோறும் புத்தகமும் சர்க்கார் அனுப்பலாம். பிள்ளை இன்று ஏன் வரவில்லை என்று அதன் வீட்டு வாசலில் நின்று கேட்பதை ஊரார்தான் செய்ய முடியும்.

நான் அடித்த ஒரு பெயர்

இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி, இதில் நான் தவறியவன் என்பதே. 1986-ஆம் ஆண்டில் நான் இப்பாடசாலையில் உபாத்தியாயராயிருந்தேன். நான்காம் வகுப்பில் ஒன்பது வயதுள்ள பையன் ஒருவன் இருந்தான். கணக்கில் சூரன். ஆடி மாதத்துக்குப் பின் அவன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். ஒரு மாதம் பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் வராதவன் என்று குறித்து வந்தேன். பிறகு விதிப்படி அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். பதிவேடு சுத்தமாயிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, பதிவேடுகள் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதிவிட்டுப் போனார்.

அவன் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது. நான் ஒரு நாளும் போகவில்லை.

இரண்டாண்டுகளுக்குப் பின் விவரம் தெரிந்தது. அவன் தகப்பனார் மனைவியின் வைத்தியச் செலவுக்காக ஒருவரிடம் எண்ணூறு ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். வட்டி கொடுக்க வழியில்லாமல், வட்டிக்கு ஈடாகப் பையனை ஆடு மேய்க்க விட்டிருக்கிறார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சட்டம் டில்லியில் வந்து பத்தாண்டுகளாகியும் எங்கள் ஊர் மூன்றாவது தெருவுக்கு வரவில்லை. அக்காலத்தில் நம் சங்கம் இருந்தது; பணமும் இருந்தது. அத்தகப்பனார் அங்கத்தினராகச் சேரவில்லை, ஏனென்றால் வந்து சேரும்படி அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் பிள்ளை வரவில்லை என்பதை நான் அறிவேன். கடன் எவருக்கு எவ்வளவு என்பதைச் சங்கத்தார் அறிவார்கள். நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசியிருந்தால், எண்ணூறு ரூபாய்க்கு ஒரு பையனின் படிப்பு போயிராது.

அந்தப் பையனுக்கு இப்பொழுது வயது ஐம்பதை நெருங்குகிறது. உழைப்பாளி, தாமே முயன்று நம் சங்கத்தில் அங்கத்தினராகியிருக்கிறார். இன்று மாலை தம் மடியிலிருந்து நகைக்கடன் ரசீதை எடுத்துச் சிறுமியிடம் கொடுத்தவர் அவரே. இதைச் சபையில் சொல்லலாமா என்று அவரைக் கேட்டேன். “சொல்லுங்கள் ஐயா, மற்றப் பிள்ளைகளுக்காவது உதவும்” என்றார். அவருடைய பெருந்தன்மைக்கு என் வணக்கத்தைச் செலுத்துகிறேன். அவர் பெயரை அடித்த சிவப்புக் கோடு அந்தப் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற நாளில் அதை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டே வீட்டுக்குச் சென்றேன்.

இனிச் செய்ய வேண்டுவன

ஆகவே சங்கத்து அங்கத்தினர்களாகிய உங்களிடம் ஐந்து காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். இவற்றுள் ஒன்றேனும் பெருஞ் செலவு பிடிப்பதன்று.

முதலாவது: ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்கு வராவிட்டால், நான்காம் நாள் மாலைக்குள் ஊரார் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று விசாரிக்க வேண்டும். தெருவுக்கு ஓர் அங்கத்தினர் பொறுப்பேற்றால் போதும். அதட்டுவதற்காகப் போகக் கூடாது. என்ன கஷ்டம் என்று கேட்பதற்காகப் போக வேண்டும். காய்ச்சலா, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா, கடனா என்பது அப்பொழுது தெரியும்.

இரண்டாவது: கடன் காரணமாகப் பிள்ளை பள்ளியை விட்டு நிற்கும் குடும்பம் ஒன்றிருந்தால், அதைச் சங்கத்தின் நிர்வாகசபை தன் காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கத்தினர் அல்லாதவராயின் சேர்த்துக்கொள்ள வேண்டும். விதிகளுக்கு உட்பட்ட கடனை, உரிய காலத்தில், அலையவிடாமல் கொடுக்க வேண்டும். காலந்தாழ்த்திக் கொடுத்த கடன், நாற்றுக் காய்ந்தபின் பெய்த மழையை ஒக்கும்.

மூன்றாவது: பாடசாலைக்கென்று ஒரு சிறு நிதி வேண்டும். முந்நூறு அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தில் தலைக்கு மாதம் பத்து ரூபாய் வீதம் சேர்த்தால், மாதத்துக்கு 3,000 ரூபாய். ஆண்டுக்கு 36,000 ரூபாய். நம் பாட்டிமார்கள் உலைக்கு அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் வைக்கும் வழக்கத்தை அறிவீர்கள். அந்தப் பிடியரிசியின் கணக்கே இது. சங்க லாபத்திலிருந்தும் ஏதேனும் கொடுக்க இடமுண்டா என்பதை, 1983-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தையும் நம் துணைவிதிகளையும் பார்த்துக் காரியதரிசி மகாசபையில் தெரிவிக்கட்டும். எந்தத் தொகையாயினும் வரவும் செலவும் பாடசாலைச் சுவரில் எழுதப்பட வேண்டும். கணக்கு வாசிக்கப்படாத இடத்தில் நன்கொடை நீடிக்காது.

கொடையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. குழல் விளக்கொன்றைக் கொடுத்துவிட்டு, அதன்மேல் தம் பெயரையும், தகப்பனார் பெயரையும், உபயம் என்னும் சொல்லையும் எழுதி, வெளிச்சம் வெளியே வர இடமில்லாமற் செய்தவரைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள். புதிதாகக் கொடுப்பதற்குப் பலர் உண்டு. இருப்பதைப் பழுதுபார்க்க ஒருவரும் இல்லை. கழிப்பிடத்துக்குத் தண்ணீர் வரும் குழாய் கெட்டால் அதற்குப் பெயர் பொறிக்க இடமில்லை. ஆனால் அக்குழாய் கெட்டால் முதலில் பள்ளியை விட்டு நிற்பவர்கள் வளர்ந்த பெண் குழந்தைகள். நம் நிதியின் முதற்செலவு பெயர் பொறிக்க இடமில்லாத செலவாக இருக்கட்டும்.

நான்காவது: 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அச்சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும். சங்கத் தேர்தல் என்றால் வெளியூரிலிருந்தும் வந்து சேர்கிறோம். பள்ளிக் குழுவின் கூட்டத்துக்கு உபாத்தியாயரும் நான்கு தாய்மார்களும் மாத்திரம் உட்கார்ந்திருக்கிறார்கள். தகப்பன்மார்களும் வர வேண்டும். வந்து பேச வேண்டும். தாய்மார்கள் பேசும்போது கேட்கவும் வேண்டும்.

இதற்கு ஓர் அவசரமும் உண்டு. அதே சட்டத்தின்படி ஆரம்பப் பாடசாலையில் அறுபது பிள்ளைகள் வரையில் இரண்டு உபாத்தியாயர்கள். அதற்குமேல் தொண்ணூறு வரையில் மூன்று பேர். நம் பாடசாலையில் இன்று இருப்பவர்கள் அறுபத்துநான்கு பிள்ளைகள். நான்கு பிள்ளைகள் குறைந்தால் ஓர் உபாத்தியாயரின் இடம் போகக்கூடும். காலையில் நகரத்துப் பள்ளிக்கூடத்து வண்டி வந்து நிற்பதை நாம் காண்கிறோம். பிள்ளையை எங்கே படிக்கவைப்பது என்பது பெற்றோரின் இஷ்டம். அதைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் வண்டியில் அனுப்பும் வீட்டாருக்கும் இது ஊர்ப் பாடசாலையே. தம் பிள்ளை இங்கே இல்லை என்பதால் பங்கை நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்று அவர்களை வேண்டுகிறேன். இங்கே நன்றாக நடக்கிறது என்று கண்ணால் கண்டால், அடுத்த ஆண்டு அவ்வண்டியில் ஓர் இடம் காலியாகவும் கூடும்.

ஐந்தாவது: இவ்விழாவில் இனிமேல் ஏழாவதாக ஒரு பரிசு சேர்க்க வேண்டும். எக்காரணத்தினாலோ பள்ளியை விட்டு நின்று மறுபடியும் வந்து சேர்ந்த பிள்ளைக்கு அப்பரிசை அளிக்க வேண்டும். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் முயற்சி பெரிது. நின்றுபோன பிள்ளை, தன்னைவிடச் சிறியவர்களோடு மறுபடியும் உட்காருவதற்கு வேண்டிய தைரியம் அதற்குக் குறைந்ததன்று. அப்பிள்ளையைப் பரிகசிக்காமல் பக்கத்தில் இடம் கொடுத்த தோழனுக்கும் தோழிக்கும் ஆளுக்கொரு பென்சிலாவது கொடுக்க வேண்டும். அப்பரிசின் முதலாண்டுச் செலவை என் ஓய்வூதியத்திலிருந்து நான் கொடுக்கிறேன். அதன்மேல் என் பெயரை எழுத வேண்டாம்.

முடிவுரை

குழந்தைகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். பரிசு பெற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் அதை அம்மாவிடம் மாத்திரம் காட்டாமல், உங்களுக்குச் சோறாக்கிப் போடும் அம்மையாரிடமும் காட்டுங்கள். பரிசு பெறாதவர்கள் வருந்த வேண்டாம். இன்று எத்தனையோ பேர் பரிசு பெறவில்லை, நானும் பெறவில்லை. வீட்டில் இருக்கும் ரசீதையும், பாஸ்புத்தகத்தையும், மருந்துச் சீட்டையும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சந்தோஷப்பட்டுக் கன்னத்தைத் தடவினால் அது இந்தப் பரிசுகளுக்குக் குறைந்ததன்று.

பெரியோர்களே, நம் சங்கத்தில் ஒருவர் தவணை தவறினால் மூன்றாம் நாளே அறிவிப்பு எழுதுகிறோம். ஒரு பிள்ளை பள்ளிக்கு வரத் தவறினால் அவ்வளவு சீக்கிரம் விசாரிக்கும் ஊராக நாம் ஆக வேண்டும். நான் சொன்ன ஐந்து காரியங்களையும் அடுத்த மகாசபையில் வைத்து, ஏற்பதை ஏற்று, திருத்த வேண்டியதைத் திருத்தித் தீர்மானம் செய்யும்படி அக்கிராசனர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் தெருவுக்குப் பொறுப்பேற்க யாரும் வராவிட்டால் நான் வருகிறேன். மூன்றாவது தெருவுக்கு நான் கேட்பதற்கு முன்னமே ஒருவர் கையை உயர்த்திவிட்டார். அவர் யார் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

 பிள்ளைகள் நீடூழி வாழ்க.